அப்பா படுத்துப் பார்த்த குழிகள்

மார்ச் 4

சுண்டுவுக்கு,

அக்கா எழுதுவது. மயங்கி விழுந்துவிடாதே. உன் போன் நம்பர் மாறி மூன்று வருஷம் ஆகிறது, புது நம்பரை எனக்கு யாரும் சொல்லவில்லை. விலாசம் எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். உன் புத்தகத்தின் பின்னட்டையில், உன் போட்டோவுக்குக் கீழே, கல்லூரிப் பெயர் போட்டிருக்கிறது. தலைமுடி எல்லாம் எங்கேடா போச்சு?

அந்தப் புத்தகம் என் கைக்கு வந்த கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன திங்கட்கிழமை காலையில் மாணவர்கள் ஐந்து பேர் இடுகாட்டு அலுவலகத்துக்கு வந்தார்கள். நான் பதிவேட்டில் அன்றைய வரிசை எண்களை எழுதிக்கொண்டிருந்தேன். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்தான் அவர்களுக்குத் தலைவி. கையில் உன் புத்தகம், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பேருந்துச் சீட்டு. "இங்க குழி வெட்டுறவங்க, வெட்டி முடிச்சதும் அதுல ஒரு தடவை படுத்து எழுந்திருப்பாங்களாமே, அந்தச் சடங்கைப் பாக்கணும்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த இடுகாட்டில் அப்படிச் செய்தவர் ஒரே ஒருவர். அவரும் வேலையை விட்டு எட்டு வருஷம் ஆகிறது.

அப்படி எதுவும் கிடையாது என்று சொல்லி அனுப்பப் பார்த்தேன். அதற்குள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்துவிட்டார். புத்தகத்தைக் கையில் வாங்கினார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்தானே, உள்ளே எதையும் பார்க்கவில்லை. பின்னட்டையைத் திருப்பி உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இவரைத் தெரியுமா ஐயா?" என்று அந்தக் கண்ணாடிப் பெண் கேட்டாள். "தெரியாதும்மா. யாரோ படிச்ச பிள்ளை போல" என்றார்.

பிறகு, "வாங்க, நான் காட்டுறேன்" என்று கூட்டிக்கொண்டு போனார். கிழக்குப் பகுதியில் மறுநாளைக்கு ஒரு குழி தயாராக இருந்தது. எழுபத்து நான்கு வயது மனுஷன் ஏணி வைத்து இறங்கிப் படுத்தார். முதல் தடவை வெளிச்சம் போதவில்லையாம். இரண்டாம் தடவை படத்தில் யாருடைய விரலோ வந்துவிட்டதாம். மூன்றாம் தடவை எழுந்து ஏறும்போது கால் வழுக்கி, இடுப்பெலும்பு போயிற்று. உள்ளே கிடந்துகொண்டே கேட்கிறார்: "போட்டோ நல்லா விழுந்துச்சா?"

இப்போது இடுகாட்டுக் கேட்டை ஒட்டிய நம் பழைய வீட்டில் கட்டிலில் இருக்கிறார். இனி நடக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் பதற்றத்தில் புத்தகத்தை விட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் முழுவதும் படித்தேன். பெட்டியில்லாமல், பக்கவாட்டில் பொந்து வெட்டி, வலப்புறமாகச் சாய்த்துப் படுக்க வைக்கும் கிழக்குப் பகுதிக்காரர்கள். உட்கார வைத்துப் புதைக்கிறவர்களுக்கு வெட்டும் வட்டக் குழி. ஏழு வருஷம் கழித்து வந்து குழியைத் திறந்து, எலும்பைக் கழுவித் துடைத்து ஜாடியில் எடுத்துப்போகிற மேற்குப் பகுதிக்காரர்கள். பூ வைக்காமல் கல் வைத்துவிட்டுப் போகிற வடக்கு வேலி ஜனங்கள். அத்தனையும் சாப்பிடும்போது அப்பா நமக்குச் சொன்னது. நீ சோற்றை உருட்டிக்கொண்டே "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்பாயே.

நன்றி சொல்லும் பக்கத்தில் தேடினேன். நூலகர் இருக்கிறார், தட்டச்சு செய்தவர் இருக்கிறார், உன் மனைவி இருக்கிறாள், உங்கள் வீட்டுப் பூனை கூட இருக்கிறது. அப்பாவைக் கடைசி வரியில்தான் கண்டுபிடித்தேன். "பெயர் வெளியிட விரும்பாத ஒரு குழிவெட்டி, தகவலாளர்."

யார் விரும்பவில்லை, சுண்டு? அவரா, நீயா?

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் உடல்நிலை பற்றி அறிந்து மிகவும் வருந்தினேன். எலும்பு சிகிச்சையில் பெயர்பெற்ற மருத்துவர் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். எக்ஸ்ரே படங்களை அனுப்பினால் காட்டிக் கேட்கிறேன்.

மாணவர்கள் நடந்துகொண்ட விதம் தவறு. வயதானவரை இப்படிச் செய்யச் சொல்லியிருக்கக் கூடாது. அவர்களுடைய துறைத் தலைவருக்கு எழுதலாம் என்று நினைக்கிறேன்.

தகவலாளரின் பெயரை வெளியிடாமல் இருப்பது எங்கள் துறையில் ஒரு நெறி. அவர்களுடைய பாதுகாப்புக்காகச் செய்வது. நீ நினைப்பதுபோல வேறு காரணம் இல்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. அந்தச் சடங்கைப் பற்றிக் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டது என்று எழுதியிருக்கிறாய். அப்பா ஒவ்வொரு குழியிலும் படுத்து எழுந்ததை நானே மதில்மேல் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பிறருடைய மரணத்தை வெட்டுகிறவன் ஒரு கணம் தன் மீது வாங்கிக்கொள்ளும் குறியீடு என்று அதற்கு விளக்கம் எழுதினேன். அந்தப் பகுதியை இரண்டு பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். தவறு இருந்தால் சொல், அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறேன்.

கல்லூரித் தலைப்பிட்ட தாளில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். கையில் வேறு தாள் இல்லை. பதிலையும் கல்லூரிக்கே அனுப்பு. வீட்டு விலாசத்துக்கு வேண்டாம்.

தம்பி


மார்ச் 15

பேராசிரியருக்கு,

குறியீடாம்! படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் அப்பா கட்டிலிலிருந்து "என்னம்மா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். பிறகு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

தவறு இருந்தால் சொல் என்றாயே, சொல்கிறேன். அப்பா சொல்லாதே என்று கேட்டுக்கொண்டதால்தான் இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மா செத்தபோது உனக்கு நாலு வயது, எனக்குப் பதினொன்று. தன் வீட்டாளுக்குத் தானே குழி வெட்டக் கூடாது என்று அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதனால் இன்னொருவர் வெட்டினார். முந்தின நாள் மழை, அவசரம். அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எல்லாரோடும் சேர்ந்து மேலே நின்றார். பெட்டியை இறக்கினார்கள். கால் பக்கம் இறங்கியது, தலைப்பக்கம் நின்றுவிட்டது. பக்கச் சுவரில் ஒரு பாறை துருத்திக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை. கயிற்றை நாலு பேர் பிடித்துக்கொள்ள, ஒருவர் தொங்கிக்கொண்டே கடப்பாரையால் இடித்தார். அரை மணி நேரம். அம்மா அவ்வளவு நேரமும் சாய்ந்து அந்தரத்தில் நின்றாள்.

நீ என் இடுப்பில் இருந்தாய். "அம்மா ஏன் மாட்டிக்கிட்டா?" என்று சத்தமாகக் கேட்டாய். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் அப்பா வேலைக்குப் போனார். அன்றிலிருந்துதான் இந்தப் படுத்துப் பார்க்கிற வேலை. தலை இடிக்கிறதா, தோள் இடிக்கிறதா, முதுகில் ஏதாவது குத்துகிறதா என்று பார்ப்பார். இருபத்தேழு வருஷம், ஒரு குழி விடவில்லை. ஒருமுறை மட்டும் என்னிடம் சொன்னார்: "ஊர்ல இருக்கிறவங்க குழியெல்லாம் கையால தடவிப் பாத்தேன். அவளுக்கு ஒரு தடவை எறங்கிப் பாத்திருக்கலாம். வெள்ளைச் சட்டைன்னு நின்னுட்டேனே, சீ." அந்த 'சீ'யைத்தான் நீ சடங்கு என்று எழுதி வைத்திருக்கிறாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. நாள் எண்ணச் சொல்கிறார் டாக்டர். மதில் ஓரம் ஊழியர்களுக்கு என்று இருக்கும் வரிசையில் அப்பாவுக்கு இடம் குறித்தாகிவிட்டது. பெட்டி வேண்டாமாம், பொந்தும் வேண்டாமாம், கிழக்குப் பகுதிக்காரர்கள் மாதிரி வெறும் துணியோடு மண்ணில் மல்லாந்து படுக்க வேண்டுமாம். "நாப்பது வருஷமா வேடிக்கை பாத்ததுல அவங்களுதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்கிறார். இன்னும் ஒன்று கேட்டார். குழியில் ஒருத்தர் படுத்துப் பார்க்க வேண்டும். நான் படுக்கிறேன் என்றேன். "நீ வேணாம். அவன் வருவானா கேளு" என்றார்.

கேட்டுவிட்டேன்.

அக்கா


மார்ச் 22

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். இது கடையில் வாங்கிய தாள்.

எனக்கு அம்மா மாட்டிக்கொண்டது நினைவில் இல்லை. நான் கேட்டதும் நினைவில் இல்லை. அந்த இடத்தில் என்னைத் தவிர எல்லாருக்கும் நினைவிருக்கிறது என்பதுதான் தாங்கவில்லை. வகுப்பில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை நானே குரல் ஏற்றி இறக்கிப் படித்துக் காட்டியிருக்கிறேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

நெறி, பாதுகாப்பு என்றெல்லாம் போன கடிதத்தில் எழுதியது பொய். நீயும் நம்பியிருக்க மாட்டாய். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஒருவன் சொன்னான், என் மீது பிண வாடை அடிக்கிறதாம். அன்றிலிருந்து அப்பா நகராட்சியில் தோட்டக்காரர் என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். விடுதியில் அதையே சொன்னேன், கல்லூரியிலும் அதையே சொன்னேன். சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு உங்களைக் கூப்பிடாததற்குப் பதிவுத் திருமணம், அவசரம் என்று சொன்னேனே. காரணம் அதுவல்ல. அப்பா இறந்துவிட்டார் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். நீ வெளிநாட்டில் இருக்கிறாய் என்றும்.

அவள் நல்லவள். மாமனாரின் சமாதியைப் பார்க்க வேண்டும் என்று விடாமல் கேட்டாள். நான் ஆராய்ச்சிக்காகப் போய்வந்துகொண்டிருந்த ஒரு கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஒரு கல்லைக் காட்டி, இதுதான் என்றேன். ஒன்பது வருஷமாக வருஷா வருஷம் அங்கே போய்ப் பூ வைக்கிறாள். குனிந்து கல்லைத் தன் கைக்குட்டையால் துடைக்கிறாள். நான் பக்கத்தில் நிற்கிறேன், அக்கா. நின்றிருக்கிறேன்.

அப்பாவிடம் இதைச் சொல்லாதே. சனிக்கிழமை இருபத்தொன்பதாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். வருவேன் என்று அவரிடம் சொல்.

சுண்டு


மார்ச் 30

தம்பிக்கு,

நீ வரவில்லை.

வெள்ளிக்கிழமையே முகச்சவரம் செய்துவிடச் சொன்னார். சனிக்கிழமை காலையில் கஞ்சிகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கட்டிலோடு வாசலுக்குக் கொண்டுபோய்ப் போடச் சொன்னார். குழி வெட்டுகிற இரண்டு பேரையும் கூப்பிட்டுத் தூக்கிப் போட்டோம். வெயில் இறங்கும்வரை பெரிய கேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். "விடும்மா, வேலை இருக்கும்" என்றார்.

கண்ணாடிப் பெண் வாரம் இரண்டு முறை வந்து பார்க்கிறாள். தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று குமுறுகிறாள். பெற்ற பிள்ளைக்கு இல்லாத வெட்கம் எங்கிருந்தோ வந்த பெண்ணுக்கு இருக்கிறது. அப்பா அவளிடம் இன்றுவரை உன்னைத் தெரியாது என்றுதான் சொல்கிறார். "அவன்கிட்ட சொல்லு, நான் யார்கிட்டயும் வாய் தொறக்கல" என்று எனக்கு உத்தரவு. சொல்லிவிட்டேன்.

உன் மனைவி துடைத்த கல்லைப் பற்றி எழுதியிருந்தாயே. படித்ததும் கடிதத்தைக் கசக்கி அடுப்பில் போடப் போனேன். போடவில்லை. இனி என்னிடம் எதையும் உறுதியாகச் சொல்லாதே. முடிந்தால் வா, முடியாவிட்டால் சும்மா இரு.

அக்கா


ஏப்ரல் 7

அக்கா,

அடக்கம் முடிந்ததும் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல் மதிய வண்டிக்கே ஓடிவந்துவிட்டேன். பேசியிருந்தால் எல்லார் முன்னாலும் உடைந்திருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

நீ கல்லூரிக்குப் போன் செய்த வியாழக்கிழமை நான் வகுப்பில் இருந்தேன். அலுவலகப் பையன் வந்து, "சார், உங்க தகவலாளர் போன் பண்ணாங்க. அப்பா போயிட்டாராம்" என்றான். யாருடைய அப்பா என்று அவன் கேட்கவில்லை. தகவலாளர் என்று நீ சொல்லியிருக்கிறாய். எனக்கு இது வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று நீ பார்த்தாய், ஆனால் எல்லாவற்றையும் பார்க்கவில்லை. ஏணியில் இறங்கிப் படுத்தேன். மேலே நீயும், குழி வெட்டிய இரண்டு பேரும், அலுவலக ஆட்களும் நின்றீர்கள். இடது தோளுக்குக் கீழே ஏதோ கூராகக் குத்தியது. மண்ணுக்குள் பதிந்த கல். கடப்பாரை வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்தக் கண்ணாடிப் பெண் எட்டிப் பார்த்தாள். "சார்! நீங்களா? சடங்கை நீங்களே செஞ்சு பாக்கிறீங்களா?" என்றாள். குரலில் அவ்வளவு மரியாதை.

எழுந்துவிட்டேன். "சரியா இருக்கு" என்றேன். நீ கேட்டாய், "எதுவும் குத்தலையே?" என்று. "இல்ல" என்றேன்.

குழாயடியில் கை கழுவும்போது அவள் பின்னாலேயே வந்து, "இவர் உங்களுக்கு யாரு சார்?" என்று கேட்டாள். "என் புத்தகத்துக்கு உதவியவர்" என்றேன். அதற்குப் பிறகு அப்பாவை இறக்கினார்கள். துணி மட்டும்தான் நடுவில். அந்தக் கல்லின் மேல்தான் வைத்தார்கள், அக்கா. அவர் ஆயுளில் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் நான் இப்படிச் செய்தேன்.

இன்னொன்றையும் கேட்டுவிடு. இருபத்தொன்பதாம் தேதி நான் வந்தேன். பெரிய கேட்டின் எதிர்ப்பக்கம், பூக்கடை ஓரம் நின்றேன். வாசலில் கட்டில் தெரிந்தது, சவரம் செய்த முகம் தெரிந்தது. சாலையைக் கடக்கக் கால் எழவில்லை. அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன்.

நான் உன் தம்பி என்று எழுதிக் கையெழுத்துப் போட எனக்குக் கூசுகிறது.


ஏப்ரல் 11

சுண்டு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுவதும் உன்மேல் கோபமாக இருந்தேன். இன்று அவ்வளவு இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கேட்டுக்கு எதிரே நின்றது அப்பாவுக்குத் தெரியும். புதன்கிழமை, போவதற்கு முந்தின நாள், தண்ணீர் கொடுக்கும்போது சொன்னார். "சனிக்கிழமை வந்தாம்மா அவன். பூக்கடையாண்ட நின்னான். மெலிஞ்சிருக்கான்." ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "எனக்குத் தெரியாதா அது? கால் எழாது. நானும் ஒரு தடவை அப்படி நின்னவன்தானே" என்றார். அவ்வளவுதான். அவருக்கு உன்மேல் வருத்தம் இல்லை. எனக்கு இருக்கிறது, அதை நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

இப்போது கல் விஷயம். நான் யார் மகள் என்பதை மறந்துவிட்டாயா? நீ ஏணியில் ஏறி வந்து "சரியா இருக்கு" என்று சொன்னாய். உன் முகத்தையா பார்த்தேன்? திரும்பி நடந்தாயே, அப்போது உன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன். முதுகு முழுவதும் மண் லேசாக ஒட்டியிருந்தது, இடது தோளுக்குக் கீழே மட்டும் எலுமிச்சம்பழ அளவுக்கு அழுத்தமாக ஒரு கறை. நீ குழாயடியில் அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். களைக்கொத்தால் நெம்பினால் வந்துவிட்டது. பள்ளத்தை மண் போட்டு மூடி, கையால் தட்டி, நானே ஒருமுறை படுத்துப் பார்த்தேன். எதுவும் குத்தவில்லை. அப்பா சுகமாகத்தான் படுத்திருக்கிறார்.

கல் இங்கே பதிவேட்டு மேசையில் இருக்கிறது. காற்றில் தாள் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

திருத்தம் எல்லாம் அடுத்த பதிப்பில் போட்டுக்கொள், அது உன் பாடு. எனக்கு வேண்டியது வேறு. வடக்கு வேலி ஜனங்கள் பூ வைக்க மாட்டார்கள், வந்துபோனதற்கு அடையாளமாகச் சின்னக் கல் ஒன்று வைத்துவிட்டுப் போவார்கள். நீயே எழுதியிருக்கிறாய், எழுபதாம் பக்கமோ என்னவோ. அப்பா தலைமாட்டிலும் அப்படி ஒன்று இருக்கட்டும். வந்து வை. உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வா. அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டு வா. சொல்லாமல் வந்தாயோ, கேட்டிலேயே நிறுத்தி நான் சொல்லிவிடுவேன்.

ஒரு மழை பெய்தது. மண் இறங்கிவிட்டது. மேல்மண் போட ஆள் வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

சொல்லிவிட்டேன். உன் கடிதம் வந்த மறுநாள் காலையில், என் மனைவி வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது. உட்கார வைத்துப் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். உட்கார்ந்தால் மறுபடி பொய் வந்துவிடும் என்று பயந்து, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. என்னிடம் பேசவும் இல்லை. இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அப்போ ஒன்பது வருஷமா நான் தொடைச்சது யாரோட கல்லு?" தெரியாது என்றேன். "அந்த வீட்டுக்காரங்க யாராவது வந்து பாத்திருந்தா, யாரோ நம்ம ஆளை மறக்காம இருக்காங்கன்னு நெனச்சிருப்பாங்க. அது போகட்டும். உங்களை நான் என்னன்னு நெனக்கிறது?" என்றாள்.

கண்ணாடிப் பெண்ணின் துறைக்கு அவள் பெயருக்கே ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். மூன்று வரிதான். இவர் உங்களுக்கு யார் என்று கேட்டதற்கு அன்று சொல்லாத பதில்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். அவளும் வருகிறாள், என்னோடு பேசுவதில்லை என்றாலும். மண்வெட்டி இரண்டு எடுத்து வை.

மேசையில் இருக்கும் கல்லை யாரும் எடுத்துப்போய்விடாமல் பார்த்துக்கொள்.

உன் தம்பி